பேரன் மேஜையில் ஒரு டீசல் எஞ்சின்

எங்கள் வீட்டுக்கு வந்தால் பேரனின் மேஜையைப் பாருங்கள். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினின் மாதிரி நிற்கும். நிஜ எஞ்சின் 17 மீட்டர். இது 87-இல் ஒரு பங்கு, 20 செ.மீ.கூட இல்லை. கைப்பிடிக் கம்பிகூட விடாமல் செய்திருக்கிறார்கள்!

அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு, 2,600 குதிரைத்திறன். சரக்கு, பயணிகள் வண்டி இரண்டையும் இழுத்தது. வாரணாசியில் தயாரான முதல் எஞ்சினை 1964 ஜனவரி 3-இல் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் லால் பகதூர் சாஸ்திரி.

திருமானூர்க்காரனான எனக்கு அந்தப் பெயரோடு அரியலூரும் சேர்ந்தே நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 23, மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராயிருந்த சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார்.

"ராஜினாமா செஞ்சவரையே கூப்பிட்டாங்களா தாத்தா?" என்றான் பேரன்.

கூப்பிட்டார்கள். அடுத்த ஐந்தாறு மாதத்தில் பிரதமராகவும் ஆனார்.