சோழர் ஏறாத மலை

சோழப் பேரரசு இலங்கையின் வட சமவெளியை 77 ஆண்டுகள் தன் கையில் வைத்திருந்தது. 993இல் முதலாம் இராசராசனின் படை அனுராதபுரத்தை அழித்தது. பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரில் புதிய தலைநகரானது. கைப்பற்றிய நிலப்பகுதிக்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயர் சூட்டப்பட்டது. பெயரில் ஒரு மண்டலம்தான். ஆனாலும் தீவு முழுவதும் அதற்கு அடங்கவில்லை. தெற்கே கதிர்காமத்தை உள்ளடக்கிய உருகுணை நாடும், நடுவே பாளி நூல்கள் 'மலய' என்று குறிப்பிடும் மலைநாடும் சோழ நிர்வாகத்துக்கு வெளியே நின்றன. இன்று நுவரெலியா, ஹட்டன் என்று நாம் அறியும் தேயிலைப் பிரதேசம் அக்கால மலைநாட்டின் நடுப்பகுதி. அப்போது அது அடர்ந்த காடு.

சோழர் கல்வெட்டுகள் கிடைத்த இடங்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். மாதோட்டம், திருகோணமலை, பதவியா, பொலன்னறுவை ஆகிய எல்லாமே துறைமுகங்கள் அல்லது குளத்து நீரில் நெல் விளைந்த இடங்கள். வரி அங்கேதான் கிடைத்தது. மலையில் வரிக்கு விளைச்சல் இல்லை, யானைப்படைக்கு வழியும் இல்லை. செலவு செய்து பிடிக்கத் தகுந்ததாக அது சோழருக்குத் தோன்றவில்லை போலும். அந்தக் கணக்கு பின்னால் அவர்களுக்கே வினையாயிற்று.

வட சமவெளியை இழந்த மன்னன் ஐந்தாம் மகிந்தன். சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் அரண்மனையைச் சூழ்ந்துகொள்ள, அவன் உருகுணைக்குத் தப்பி ஓடினான். நாடு சீர்குலைந்து கிடந்த செய்தியைச் சோழனுக்குச் சொன்னவன் ஒரு குதிரை வணிகன் என்று பாளி வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. 1017இல் முதலாம் இராசேந்திரன் அனுப்பிய படை உருகுணைக்குள் புகுந்து மகிந்தனையும் அவனுடைய முடியையும் கைப்பற்றியது. பாண்டியர் இலங்கையில் அடைக்கலமாக விட்டுச்சென்ற முடியும் அப்போது சோழர் வசமாயிற்று. மகிந்தன் 12 ஆண்டுகள் சோழநாட்டில் சிறையிருந்து 1029இல் இறந்தான்.

மன்னன் சிறைப்பட்டும் உருகுணை பணியவில்லை. மகிந்தனின் மகன் காசியப்பனை அங்குள்ளோர் மறைத்து வளர்த்தனர். அவனைப் பிடிக்க 95,000 பேர் வந்ததாகச் சூளவம்சம் சொல்லும். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெரிய படை வந்தது என்ற அளவில் கொள்ளலாம். ஆறு மாதம் போரிட்டும் இளவரசன் சிக்கவில்லை. அவனுக்குப் பிறகு உருகுணையில் பட்டத்துக்கு வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மடிந்தனர். சோழன் முதலாம் இராசாதிராசனின் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தி அவர்களை வென்ற கதையைப் பெருமையோடு அடுக்குகிறது. அவர்களில் ஒருவனான சகதிபாலன் வடஇந்தியாவிலிருந்து வந்தவன். அவனைக் கொன்ற சோழர் அவனுடைய அரசியையும் மகள் லீலாவதியையும் சோழநாட்டுக்குக் கொண்டுபோயினர். தாயும் மகளும் பின்னர் அங்கிருந்து தப்பி இலங்கைக்குத் திரும்பினர்.

இந்தக் குழப்பத்தில் எழுந்தவன்தான் கித்தி என்ற இளைஞன். பதினாறு வயதளவில் உள்ளூர்ப் போட்டியாளர்களை வென்று 1055இல் உருகுணையின் தலைவனானான். விசயபாகு என்பது அவன் சூட்டிக்கொண்ட பெயர். பத்தாண்டுக்கும் மேல் அவன் நேருக்கு நேர் மோதாமல் படை திரட்டினான்; சோழர் கதிர்காமம் வரை வந்து கொள்ளையிட்டபோதும் விலகி நின்றான். பர்மாவின் பகான் அரசனுக்குத் தூது அனுப்பிப் பொருளுதவியும் பெற்றான்.

1060களின் நடுவில் நிலைமை மாறியது. சோழர் ஆண்ட வட சமவெளியான இராசரட்டைப் பகுதி மக்களே வரி கொடுக்க மறுத்து அதிகாரிகளை அவமதித்தனர். வீரராசேந்திரன் (1063–1070) மாதோட்டத்தில் படையை இறக்கிக் கலகத்தைக் கொடுமையாக ஒடுக்கினான். படை தெற்கே திரும்பியபோது உருகுணைத் தலைவர்கள் சிலர் சோழர் பக்கம் சேர்ந்தனர். ஆகவே இதைச் சிங்களவருக்கும் தமிழருக்கும் இடையிலான போர் என்று இன்றைய கண்ணால் படிப்பது பொருந்தாது. பலுத்தகிரி என்ற மலையருகே அரண் அமைத்து நின்ற விசயபாகு சோழப் படையை முறியடித்தான். தப்பியோடிய தளபதி விரட்டிக் கொல்லப்பட்டான். வென்ற வேகத்தில் பொலன்னறுவையையும் பிடித்தான்.

இழந்த தலைநகரை மீட்கச் சோழன் உடனே இரண்டாவது படையை அனுப்பினான். யானைகளை ஏற்றிய கப்பல்கள் கடல் கடந்தன. அனுராதபுரத்தருகே நடந்த போரில் விசயபாகுவின் படை தோற்றது. அவனுடைய அரசி சிறைப்பட்டாள், பெரும் செல்வம் பறிபோயிற்று, ஈழம் மீண்டும் தமதாயிற்று என்கின்றன சோழர் கல்வெட்டுகள். சோழர் புலவரின் மெய்க்கீர்த்தியும் பிக்கு எழுதிய சூளவம்சமும் தத்தம் தோல்வியை விரித்துச் சொல்வதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் போரின் போக்கு தெரியும்.

கல்வெட்டு வெற்றி என்று முடிக்கும் இடத்தில் போர் முடியவில்லை. விசயபாகு மலைநாட்டின் மேற்கு விளிம்பிலுள்ள வாதகிரிக்கு ஏறினான். கேகாலை மாவட்டத்தின் வாக்கிரிகலையே அது என்பர். அங்கே மூன்று மாதம் சோழரை எதிர்த்து நின்று, பின் தெற்கே இறங்கி மகாநாககுலத்தில் மறுபடியும் படை திரட்டினான். சமவெளியில் தோற்றவன் மலையேறிப் பிழைத்து, மறுபக்கம் இறங்கி வலுப்பெற்றான். குளங்களையும் துறைகளையும் மட்டும் காவல் செய்த பேரரசால் இந்த வழியை அடைக்க முடியவில்லை.

1070இல் வீரராசேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராசேந்திரன் சில மாதங்களில் கலகத்தில் மாண்டான். வேங்கியிலிருந்து வந்த முதலாம் குலோத்துங்கன் தன் அரியணையை உறுதிப்படுத்துவதிலேயே மூழ்கியிருந்தான். விசயபாகு இந்த இடைவெளியைத் தவறவிடவில்லை. ஒரு படையை மேற்கே மாதோட்டத்துக்கும் மற்றொன்றைக் கிழக்குக் கரை வழியாகப் பொலன்னறுவைக்கும் அனுப்பிவிட்டு, தானே மலையடிவாரத்து மகியங்கனை வழியாக முன்னேறினான். பொலன்னறுவை ஒன்றரை மாத முற்றுகைக்குப் பின் விழுந்தது. உள்ளூர்க் கலகங்களை அடக்கிய பிறகே, தன் பதினெட்டாம் ஆட்சியாண்டில், அவன் முறைப்படி முடிசூடினான்.

குலோத்துங்கன் ஈழத்தை மீட்கப் பெரும்படை அனுப்பவில்லை. ஆனால் கர்நாடகத்துச் சாளுக்கியனுக்கு விசயபாகு அனுப்பிய தூதர்களைச் சோழர் பிடித்து மூக்கையும் காதையும் அறுத்தனர். சினந்த விசயபாகு சோழநாட்டின்மீது படையெடுக்க ஆணையிட்டான். அவனிடம் கூலிப்படையாக இருந்த தமிழ் வேளைக்காரர்கள் மறுத்து அரண்மனைக்கே தீ வைத்தனர். மன்னன் மீண்டும் ஓடிய இடம் வாதகிரி. கலகம் கடுமையாக ஒடுக்கப்பட்டது. எனினும் அவன் இறந்த பின் பொலன்னறுவைத் தந்ததாதுக் கோயிலின் காவலை ஏற்றவர்களும் வேளைக்காரரே. அதைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் உள்ளது. கந்தளாய்ப் பிராமணக் குடியிருப்பு விசயராசச் சதுர்வேதிமங்கலம் என்று அவன் பெயரையே தாங்கியது. சோழரை விரட்டியவன் சோழர் விட்டுச்சென்ற சைவ நிறுவனங்களை அழிக்கவில்லை.

தனக்கு அரணாயிருந்த மலைநாட்டில் விசயபாகு விட்டுச்சென்ற சான்று அம்பகமுவப் பாறைக் கல்வெட்டு. ஹட்டன், மஸ்கெலியா தோட்ட மக்களுக்கு அம்பகமுவ என்றால் பிரதேச சபையும் செயலகமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருடைய ஊரில்தான், கினிகத்தேனைப் பக்கம், ஒன்பது நூற்றாண்டுக்கு முந்திய இந்தச் சிங்கள எழுத்து இருக்கிறது. அக்காலப் போரோடு இன்றைய தோட்டத் தமிழரை முடிச்சுப் போடுவது தவறு. அவர்களின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டு முதல் கோப்பிக்கும் தேயிலைக்கும் கங்காணிகளோடு வந்தவர்கள். சோழப் படையின் வழித்தோன்றல்கள் அல்லர்.

கல்வெட்டு சொல்வது போரை அல்ல, சிவனொளிபாதமலை யாத்திரையை. கடினமான வழியில் நடந்துவருவோர் படும் பாட்டைப் பார்த்த மன்னன், அவர்களுக்கு உணவு கிடைக்கக் கிலிமலை முதலான ஊர்களின் வருவாயை ஒதுக்கினான். தாழ்ந்த சாதியார் என்று தள்ளப்பட்டவர்கள் நின்று வணங்குவதற்காகத் திருப்பாதத்துக்குக் கீழே தனியாக ஒரு தளமும் கட்டுவித்தான்.