முகம் காத்த ஈகை
ஃபுஸ்தாத் நகர யூதச் சபையின் வாழ்வும் அறமும்

பெருங்கொடையாளரை வரலாறு எளிதில் மறப்பதில்லை. அவர்தம் பெயர் கல்லில் வெட்டப்படும், செம்பில் பொறிக்கப்படும், பாட்டில் வைத்துப் போற்றப்படும். அக்கொடையால் பசியாறிய எளியவரின் பெயரோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. இப்பொது நிலைக்கு மாறாக, ஈந்தோர் பெயரோடு ஏற்றோர் பெயரும் எழுதப்பட்டு, அவ்வேடுகள் ஆயிரம் ஆண்டுகளாகக் காக்கப்பட்ட இடம் ஒன்று உண்டு. அது எகிப்தின் பழைய தலைநகராகிய ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த யூதச் சபையாகும். அச்சபையார் வறியோரை எங்ஙனம் புரந்தனர் என்பதையும், புரக்கும்போது அவர்தம் மானத்தை எங்ஙனம் காக்க முயன்றனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் சபையும்

ஏழாம் நூற்றாண்டில் எகிப்தை வென்ற அரபுப் படைத்தலைவர் அம்ரு இப்னுல் ஆஸ் நிறுவிய நகரம் ஃபுஸ்தாத். கி.பி. 969-இல் ஃபாத்திமிய மரபினர் எகிப்தைக் கைப்பற்றி அதன் அருகே கெய்ரோவை எழுப்பிய பின்னரும், ஃபுஸ்தாத் வணிகர் நகரமாகவே விளங்கியது. மத்தியதரைக் கடல் வணிகமும் இந்தியப் பெருங்கடல் வணிகமும் அங்குக் கைகோத்தன. மலபார்க் கரையின் மிளகு ஏடன் வழியாகச் செங்கடல் கடந்து அந்நகர்க் கடைத்தெருவை அடைந்தது.

அங்கு வாழ்ந்த யூதருள் பாலஸ்தீன மரபினர், ஈராக்கிய மரபினர் என இரு சபையினர் இருந்தனர். இருவர்க்கும் தனித்தனித் தொழுகைக்கூடங்கள் இருந்தன. வழிபாட்டு முறையிலும் வேறுபாடுகள் இருந்தன. ஆயினும் ஏழையர்க்கு உதவும் பொது நிதியை இரு சபையாரும் இணைந்தே நடத்தினர் என்பது கருதத்தக்கது. வழிபாட்டில் வேறுபட்டோர் பசியாற்றும் பணியில் ஒன்றுபட்டனர்.

பாலஸ்தீன மரபினரின் தொழுகைக்கூடம் பிற்காலத்தே பென் எஸ்ரா தொழுகைக்கூடம் எனப் பெயர் பெற்றது. கலீபா அல்-ஹாக்கிம் காலத்தில், கி.பி. 1012-ஐ ஒட்டி, கிறித்தவக் கோயில்களோடு அதுவும் இடிக்கப்பட்டது. பின்னர்ச் சபையார் அதனை மீண்டும் எழுப்பினர். வழிபாடு நிகழ்ந்த அவ்விடமே அவர்தம் கல்விக்கூடமாகவும் வழக்குமன்றமாகவும் அறச்சாலையாகவும் விளங்கியது. முறையிடுவோர்க்கு அங்கு ஓர் உரிமையும் இருந்தது. தம் குறை கேட்கப்படாத கைம்பெண்ணோ ஆதரவற்றவரோ பொது வழிபாட்டையே நிறுத்தி வைத்துச் சபையார்முன் முறையிடலாம். எளியவர் குரலுக்காக இறைவழிபாடும் காத்திருக்கும் என்பது அம்மரபு.

எழுதிய தாளை எறியா மரபு

இச்செய்திகளை நாம் அறிய நேர்ந்தது ஒரு நம்பிக்கையின் பயனாகும். இறைவன் திருப்பெயர் எழுதப்பட்ட ஏட்டை அழித்தல் ஆகாது என்பது யூத சமயக் கோட்பாடு. பழுதுற்ற ஏடுகளை ஓரிடத்தில் இட்டுவைத்துப் பின்னர்ப் புதைப்பது வழக்கம். அவ்விடத்திற்குக் கெனிஸா என்று பெயர். ஃபுஸ்தாத் சபையார் சமய நூல்களை மட்டுமன்றிக் கடிதம், கணக்கு, மணமுறி, வழக்குப் பதிவு எனப் பலவற்றையும் அவ்வறையில் இட்டனர். மழை அருகிய எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது.

1896-ஆம் ஆண்டு ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரியர் தாம் கொணர்ந்த ஏட்டுத் துணுக்குகளைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். அதனால் உந்தப்பட்ட ஷெக்டர் அவ்வாண்டின் இறுதியில் கெய்ரோ சென்றார்; அவர் முயற்சியால் ஏறத்தாழ 1,93,000 துணுக்குகள் கேம்பிரிட்ஜை அடைந்தன. தொடக்கத்தில் அறிஞரின் கவனம் சமய இலக்கிய ஏடுகளின்மேலேயே சென்றது. அன்றாட வாழ்வைச் சொல்லும் துணுக்குகள் நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. அவற்றுள் ஒரு சமுதாயத்தின் முழு வாழ்வையும் கண்டவர் எஸ்.டி. கொய்த்தைன் (1900–1985). 1967 முதல் வெளிவந்த அவரது ‘ஒரு மத்தியதரைச் சமுதாயம்’ என்னும் பெருநூல் இத்துறையின் அடிப்படை நூலாகும். அவர் மாணவர் வழியில் வந்த மார்க் கோஹன் 2005-இல் வெளியிட்ட நூல்கள் ஏழையரின் விண்ணப்பங்களை விரிவாக ஆராய்ந்துள்ளன.

இவ்வாவணங்கள் பெரும்பாலும் அரபு மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டவை. தாள் அருமையாதலால் பழைய கடிதத்தின் பின்புறத்தில் ஈகைப் பட்டியல் எழுதப்பட்டிருப்பதையும் காண்கிறோம். ஒருபுறம் வணிகனின் இலாபக் கணக்கு. மறுபுறம் ஏழையரின் அப்பக் கணக்கு.

செவ்வாயும் வெள்ளியும்

கொடையைக் குறிக்கும் எபிரேயச் சொல் செதாகா என்பது. நேர்மை, நீதி என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அது. ஈதல் என்பது இரக்கத்தால் செய்யும் சலுகையன்று. செய்தே தீரவேண்டிய முறைமை என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. ஒழுக்கத்தையும் கொடையையும் ஒருங்கே ‘அறம்’ என வழங்கும் நமக்கு இக்கருத்தை உணர்தல் அரிதன்று.

வாரந்தோறும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் ஏழையர்க்கு அப்பம் வழங்கப்பட்டது. வெள்ளி மாலையில் ஓய்வுநாள் தொடங்குமாதலால், அதற்குமுன் எவ்வீட்டிலும் உணவு இருத்தல் வேண்டும் என்பது இம்முறையால் நிறைவேறியது. அப்பத்தோடு கோதுமையும் ஆடையும் பணமும் வழங்கப்பட்டன. ஆதரவற்ற சிறுவர்க்குக் கல்வி கற்பிக்கும் ஆசிரியரின் ஊதியத்தையும் சபை ஏற்றது. இசுலாமியர் அல்லாதார் அரசுக்குச் செலுத்த வேண்டிய தலைவரி ஏழையர்க்குப் பெருஞ்சுமையாக இருந்தது. செலுத்தாதவர் சிறைப்பட நேரும். அவ்வரியைச் செலுத்த இயலாதார்க்குப் பொருள் திரட்டி உதவியதும் அறமாகவே கருதப்பட்டது.

இதற்கான பொருள் இரு வழிகளில் வந்தது. ஒன்று, சபையார் இத்துணைத் தருவோம் என உறுதிகூறித் தரும் தொகை. மற்றொன்று, அறத்திற்கென எழுதிவைக்கப்பட்ட வீடுகளின் வாடகை. அவ்வாடகை, தொழுகைக்கூடத்தின் விளக்கெண்ணெய்க்கும் பழுதுபார்ப்புக்கும் அலுவலர் ஊதியத்திற்கும் வறியோர் நலனுக்கும் பகிரப்பட்டது. இப்பணிகளைக் கவனித்தவர் பர்னாஸ் எனப்பட்டனர். அவர்தம் வரவுசெலவுக் கணக்குகள் பல நமக்குக் கிடைத்துள்ளன.

பெற்றோர் பட்டியல்களைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. பலர் தம் பெயரால் குறிக்கப்படவில்லை. இன்னார் மனைவி, இன்னார் கைம்பெண், இன்னாரின் தாயற்ற தந்தையற்ற பிள்ளைகள், பார்வையற்றவர், பிணியாளர், உரோமானிய நாட்டிலிருந்து வந்த அயலார், புதிதாகச் சமயம் தழுவியவர் என அவை நீள்கின்றன. வணிகத்தின்பொருட்டுக் கடல் கடந்து மீளாத கணவரின் மனைவியர் இவற்றில் அடிக்கடி இடம்பெறுகின்றனர். 1099-இல் சிலுவைப் போர்ப் படையினர் எருசலேமைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து, பாலஸ்தீனத்திலிருந்து ஏதிலியர் பலர் எகிப்து வந்தனர். நாடிழந்து வந்தவர்க்கும் அப்பட்டியலில் இடம் இருந்தது.

மறைந்திருந்த வறுமை

ஏழையர் விண்ணப்பங்களில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. மஸ்தூர் என்னும் அரபுச் சொல் அது. ‘மறைக்கப்பட்டவர்’ என்பது அதன் பொருள். பிறர்பால் கையேந்தாமல், தம் குறையை நாற்சுவருக்குள் அடக்கி மானத்தோடு வாழ்பவரை அச்சொல் குறித்தது. பிறரிடம் சென்று இரத்தலை அவர்கள் ‘முகத்தைத் திறத்தல்’ என்றனர். இதுநாள்வரை எவரிடத்தும் முகம் திறந்ததில்லை; இன்று பிணியும் கடனும் பசியும் திறக்கவைத்தன என்னும் கருத்தைப் பல மடல்களில் காண்கிறோம். இறைவாழ்த்து, ஈகையைப் போற்றும் மறைத்தொடர், துன்பத்தின் விளக்கம், வேண்டுகோள், வாழ்த்து என அம்மடல்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. எழுத்தறிந்த பிறர் எழுதிக்கொடுத்தவையும் அவற்றுள் பல. ஆயினும் அவ்வமைப்பிற்குள்ளிருந்து வெட்கத்தின் குரல் உண்மையாகவே ஒலிக்கின்றது.

பிறவி வறுமையை விட, வாழ்ந்து கெட்டவரின் வறுமையை அச்சமுதாயம் மிகுந்த கவலையோடு நோக்கியது. காரணம் தெளிவு. கப்பல் ஒன்று கவிழ்ந்தால் இன்றைய கொடையாளர் நாளைய இரவலர். ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த மாமேதை மைமோனிடீசின் (இறப்பு 1204) குடும்பமே இதற்குச் சான்று. அவர் தம்பி தாவீது, இந்தியாவை நோக்கிப் பயணம் செய்கையில் கடலில் மூழ்கி இறந்தார். அவரோடு குடும்பப் பொருளும் பிறர் பொருளும் மூழ்கின. செங்கடல் துறையிலிருந்து தம்பி தமையனுக்கு எழுதிய மடலும் கெனிஸாவில் கிடைத்துள்ளது. அத்துயரால் மைமோனிடீஸ் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தார். பின்னர் மருத்துவத் தொழிலால் குடும்பத்தைக் காத்தார்.

சிறைமீட்பு

அறங்களுள் தலையாயதாக அச்சபையார் கருதியது சிறைப்பட்டோரை மீட்பதாகும். கடற்கொள்ளையர் பிடித்த யூதப் பயணிகளை அலெக்சாந்திரியாவிற்குக் கொணர்ந்து விலைபேசுவது பதினோராம் நூற்றாண்டில் அடிக்கடி நிகழ்ந்தது. மூவர்க்கு நூறு தினார், அதாவது ஒருவர்க்கு 33⅓ தினார் என்பது வழக்கமான மீட்புத்தொகை. எளிய குடும்பம் ஒன்று திங்களுக்கு இரண்டு தினாரில் வாழ்ந்த காலம் அது. ஓர் உயிரின் விலை, ஒரு குடும்பத்தின் பதினாறு திங்கள் வாழ்வுக்கும் மேலானது. அலெக்சாந்திரியச் சபையார் தம்மால் இயலாதபோது ஃபுஸ்தாத் சபைத்தலைவர் எப்ராயிம் பென் செமரியாவுக்கு முறையிட்டு எழுதிய மடல்கள் உள்ளன. மீட்கப்பட வேண்டியவர் முன்பின் அறியாத பைசாந்திய நாட்டினர் என்பது ஈகைக்குத் தடையாகவில்லை.

1168-இல் அமால்ரிக் மன்னனின் படை எகிப்திய நகரமான பில்பைசைச் சூறையாடிப் பலரைச் சிறைகொண்டது. அச்சிறைமீட்போடு தொடர்புடையதாகக் கருதப்படும் மைமோனிடீசின் மடல் ஒன்று கிடைத்துள்ளது. நீதிபதியரும் முதியோரும் மாணாக்கரும் இரவுபகலாகத் தொழுகைக்கூடங்களிலும் கடைத்தெருக்களிலும் வீட்டு வாயில்களிலும் சென்று பொருள் திரட்டுவதை அதில் அவர் எழுதுகிறார். தமக்கென இரக்க நாணும் அறிஞர், பிறர்க்கென வாயில்தோறும் நின்றனர்.

கவிஞர் பெருமக்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. எபிரேய மொழியின் தலைசிறந்த கவிஞருள் ஒருவர் யூதா ஹலேவி. அவர்தம் கைப்பட எழுதிய மடல்களைக் கொய்த்தைன் கெனிஸாத் துணுக்குகளிடையே கண்டறிந்தார். அவற்றுள் சில கவிதை பற்றியன அல்ல. தொலேதோ நகரில் சிறைப்பட்ட ஒரு பெண்ணை மீட்கப் பொருள் திரட்டுவது பற்றியன. அம்மடல்களைப் பெற்றவர் ஹல்ஃபோன் பென் நெத்தனேல். அவர் இந்தியா வரை வணிகம் செய்தவர்; கவிஞரின் நண்பர். பாடிய கையே மீட்புப் பணத்தின் கணக்கையும் எழுதியது.

எட்டுப் படிகள்

மைமோனிடீஸ் தாம் தொகுத்த பெருஞ்சட்ட நூலில் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றித் தருதல் கடைப்படி. இன்முகத்தோடு குறைவாகத் தருதல், கேட்டபின் தருதல், கேளாமுன் தருதல் என அது மேலேறுகிறது. அதன்பின் அவர் பார்வை தரும் அளவை விட்டு, அறியும் நிலைக்குத் திரும்புகிறது. ஈந்தவரை ஏற்றவர் மட்டும் அறிதல் ஒரு படி; ஏற்றவரை ஈந்தவர் மட்டும் அறிதல் அதனினும் மேல்; இருவரும் ஒருவரையொருவர் அறியாமை அதனினும் மேல். எல்லாவற்றிற்கும் தலையாயது, விழப்போகின்றவரைக் கடனோ கூட்டுவணிகமோ வேலையோ தந்து நிலைநிறுத்தி, அவர் இரவாதபடி செய்தல்.

இவ்வைப்புமுறை ஏட்டில் பிறந்த தத்துவமாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை. முகம் திறக்க நாணிய மாந்தரின் மடல்கள் வந்து குவிந்த நகரில் எழுதப்பட்டது அந்நூல். சமுதாயத் தலைமை ஏற்ற அவர் மகன் ஆபிரகாமும் (1186–1237) அத்தகைய விண்ணப்பங்களை ஏற்று, இன்னார்க்கு இத்துணை கொடுக்க எனத் தம் கையால் ஆணைச் சீட்டு எழுதினார். அச்சீட்டுகள் பல இன்றும் உள்ளன. கொள்கை தந்தையுடையது, கணக்கு மகனுடையது.

ஆயினும் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருந்ததை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அப்பம் வாங்க வருபவர் பலர் காண வரவேண்டியிருந்தது. பெயர் எழுதாமல் பகிர்ந்தால் கணக்கு நில்லாது. எழுதினால் முகம் மறையாது. இச்சிக்கலுக்கு அவர்கள் முழுத்தீர்வு கண்டனர் எனல் இயலாது. ஆனால் அதனைச் சிக்கல் என்று உணர்ந்தனர். அவ்வுணர்வே அவர்தம் ஈகையின் உயர்வு எனலாம்.

நிறைவுரை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த போர்களாலும் அரசியல் மாற்றங்களாலும் எகிப்து யூதருள் மிகப் பெரும்பாலோர் அந்நாட்டை விட்டகன்றனர். சபை கலைந்தது, பட்டியல்கள் எஞ்சின. பெருவணிகர் பலரின் செல்வம் சென்ற இடம் தெரியவில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பம் பெற்ற கைம்பெண் ஒருத்தியின் இருப்பு, தாளின் ஓரத்தில் இன்றும் நிலைத்திருக்கிறது.

பத்தாம் ஆண்டு மலர்களில் நன்கொடையாளர் பெயர்களை நன்றியோடு அச்சிடுவது நம் மரபு. அது நல்ல மரபே. அதனோடு ஃபுஸ்தாத் சபை கற்பிக்கும் மற்றொரு பாடத்தையும் நாம் நெஞ்சில் கொள்ளலாம். உதவி பெறும் நிலையில் இருந்தும் கேளாதிருப்பவர் நம் வட்டத்திலும் இருக்கக்கூடும். அவர் முகம் திறக்குமுன் அவர்தம் தேவையை அறிதலே ஈகை. சொல்லாத சொல்லின் பொருளை உணர்வதில் தேர்ந்த கவிஞர்க்கு அவ்வறிதல் கைவராத ஒன்றன்று.