நூடுல்ஸுக்கு வந்த சோதனை

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில், குளத்தில் முங்கி எழுந்து வரசித்தி விநாயகர் முன் சத்தியம் செய்துவிட்டால் வழக்கு அத்தோடு தீர்ந்தது என்பது அந்த வட்டாரத்தின் பழைய நம்பிக்கை. பொட்டலத்தின் மேல் அச்சாகும் வாசகமும் ஒருவகைச் சத்தியம்தான். 2015-இல் அப்படியொரு சத்தியம் நாடறிய விசாரணைக்கு வந்தது.

அதுவரை நூடுல்ஸுக்கு மதிப்பெண் போட்டது நாக்குதான். 1958-இல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ உடனடி ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெந்த மாவிழையை எண்ணெயில் பொரித்தால் ஈரம் ஆவியாகி, இழையெங்கும் நுண்துளைகள் விழும். வெந்நீர் அவற்றின் வழியே புகுந்து இழையை இளக்கும். இந்தியாவுக்கு நெஸ்லேயின் மேகி 1983-இல் வந்தது. இடியாப்பமும் சேவையும் பிழிந்த வீடுகளுக்கு இழை புதிதல்ல. கூடவே வந்த மசாலாப் பொடிக்குத்தான் பிள்ளைகள் மயங்கினார்கள்.

அந்த நாக்கு எவ்வளவு கறாரானது என்பதை நிறுவனம் பின்னால் தெரிந்துகொண்டது. 1997-இல் பொரித்த இழையை விட்டுவிட்டுக் காற்றில் உலர்த்திய இழைக்கு மாறியது. எண்ணெய் குறைந்தது, ருசியும் மாறியது, வாங்குவோர் விலகினார்கள். 1999-இல் பழைய பக்குவமே திரும்பி வந்தது.

ஆனால் ஈயம் நாக்குக்குப் பிடிபடாது.

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் 2014-இல் எடுத்த மாதிரி கொல்கத்தா ஆய்வகத்துக்குப் போனது. பத்து லட்சத்தில் 2.5 பங்குவரை அனுமதிக்கப்பட்ட ஈயம், 17.2 பங்கு இருப்பதாக அறிக்கை வந்தது. 2015 ஜூன் 4-இல் தமிழ்நாடு தடை விதித்தது. மறுநாள் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க விற்பனையை நிறுத்தியது.

'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்று உறையில் இருந்த வரியும் சிக்கலானது. நம் ஊரில் அஜினமோட்டோ என்று அழைக்கப்படும் அந்த உப்பின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட். அதை 1908-இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாய் இகெடா. தக்காளியிலும் வெங்காயத்திலும்கூட அது இயல்பாகவே உண்டு. ஆகவே தனியாகச் சேர்க்காவிட்டாலும் சோதனையில் குளுட்டமேட் தென்படும். ஆனால் கடையில் பொட்டலத்தைப் புரட்டிப் பார்க்கும் தாய் 'சேர்க்கவில்லை' என்பதை 'இல்லை' என்றுதான் வாசிப்பார். அந்த வரி தவறாக வழிநடத்துகிறது என்று ஆணையம் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஈய விஷயத்தில் கதை வேறு மாதிரி திரும்பியது. முதலில் சோதித்த ஆய்வகங்களுக்கு அதற்குரிய அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் தரப்பும் முறையாகக் கேட்கப்படவில்லை என்று கூறி பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 13 அன்று தடையை ரத்து செய்தது; மொஹாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூர் ஆய்வகங்களில் மறுசோதனைக்கு உத்தரவிட்டது. மூன்றிலும் ஈயம் வரம்புக்குள் இருந்தது. ஒரே பண்டத்துக்கு இரு வேறு முடிவுகள். நடுவில் தவித்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு ஊட்டிய பெற்றோர். அதற்குள் திரும்பப் பெற்ற பல்லாயிரம் டன் நூடுல்ஸ் சிமென்ட் ஆலைகளில் எரிக்கப்பட்டிருந்தது.

நவம்பர் 9 அன்று மேகி மீண்டும் கடைகளுக்கு வந்தது. அதே வாரம் ஸ்நாப்டீல் இணையக் கடையில் வைத்த 60,000 மேகிப் பெட்டிகள் ஐந்தே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தன.