மேதைகளின் வீட்டுக்குள் ஒரு காமிரா

வங்கி வேலையில் தினமும் பார்ப்பது படிவங்களில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் முகங்களைத்தான். எல்லாவற்றிலும் ஒரே விறைப்பு. பாடப்புத்தகத்து சர் சி.வி. ராமனும் அப்படித்தான்: தலைப்பாகை, கோட்டு, நிமிர்ந்த பார்வை. (1907 முதல் 1917 வரை அவரும் அரசின் நிதித்துறையில் கணக்கு அதிகாரி. அந்த வகையில் நம்ம கட்சி!)

ராமன் பெங்களூருக்கு வந்தது 1933-ல். ஆட்டோக்காரர்கள் இன்றும் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இந்திய இயக்குநர். 1948-ல் சொந்தமாக ஆய்வுக்கழகம் தொடங்கினார். அதே 1948-ல் இங்கே டெக்கான் ஹெரால்டு பத்திரிகையும் பிறந்தது. அதில் வேலை பார்த்த மைசூர்க்கார இளைஞர் டி.எஸ். சத்யன். ராமன், விஸ்வேஸ்வரய்யா, ஆர்.கே. நாராயண் என்று மைசூர் ராஜ்ஜியத்தின் பெரிய தலைகள் எல்லாம் அவர் காமிராவுக்குள் வந்தார்கள். நாராயணோடு நீண்ட கால நட்பு வேறு. 1977-ல் பத்மஸ்ரீ வாங்கினார். 2005-ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். 2009-ல் காலமானார்.

பெரியவர்களை இயல்பாகப் படம் பிடிப்பது அந்தக் காலத்தில் சுலபமில்லை. 1938-ல் லோட்டே ஜேக்கபி என்ற பெண்மணி ஐன்ஸ்டைனைத் தோல் ஜாக்கெட்டோடு படம் எடுத்தார். கௌரவமாக இல்லை என்று 'லைஃப்' பத்திரிகை அதைப் போடவில்லை. 1951-ல் ஆர்தர் சாஸ் எடுத்த, நாக்கை நீட்டும் படம் உலகத்துக்கே தெரியும். அதில் கூட இருந்தவர்களை வெட்டிவிட்டு, தன் முகத்தை மட்டும் வாழ்த்து அட்டையாக நண்பர்களுக்கு அனுப்பியவர் ஐன்ஸ்டைனே!

நம் பக்கம் பாரதியைப் பாருங்கள். கிடைத்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள்தான். ரா.அ. பத்மநாபன் தேடித் தேடிச் சேர்த்து, 1957-ல் 'சித்திர பாரதி'யாகத் தந்தார். செல்லம்மாளோடு இருக்கும் படம் மட்டும் இல்லையென்றால், நமக்கு மிஞ்சியிருப்பது வெறும் மீசையும் முண்டாசும்தான். கி.ரா.வுக்கு அந்தக் குறை இல்லை. புதுவை இளவேனில் பல வருஷம் கூடவே இருந்து படம் எடுத்துவிட்டார். 2021-ல் கி.ரா. போனபோது பலருக்கும் நினைவில் வந்தது அந்த முகங்கள்தான்.

அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது சரியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கதவைத் திறந்துவிடுவது அந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. நம்பிக்கை சம்பாதிக்காமல் எடுத்தால் அது திருட்டு. வங்கிக்காரன் வேறென்ன சொல்வான்?

ராமன் 1970 நவம்பர் 21-ல் மறைந்தார். தன் ஆய்வுக்கழக வளாகத்திலேயே தகனம். நினைவு மண்டபம் வேண்டாம், ஒரு மரம் போதும் என்பது அவர் விருப்பம். மரம் அங்கே இருக்கிறது. முகத்துக்கு நமக்கு மிச்சம், சத்யன் மாதிரி ஆட்கள் எடுத்த படங்கள்தான்.

என் தாத்தா மேதை இல்லை. அவருக்கு இருப்பது ஒரே படம், பென்ஷன் புத்தகத்துக்காக எடுத்தது. அவர் சிரிப்பை என் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் முடிகிறது, காட்ட முடியவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள். விறைப்பாக வேண்டாம்.