முத்திரை யாருடையது? 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அறைகலன்களும் படைப்புரிமையும்

பழைய பிரெஞ்சு அறைகலன் ஒன்றை ஆராய்வோர் முதலில் தேடுவது, அதன் மறைவான பகுதியில் பதிந்திருக்கும் தச்சரின் பெயர் முத்திரையை. பெயர் கிடைத்தால் மதிப்பு உயர்கிறது. கிடைக்காவிட்டால் பொருள் அநாதையாகிறது. ஆனால் அந்த முத்திரையைப் படைப்பாளியின் கையொப்பமாகக் கொள்வது பிழை. அது பொறுப்பேற்றவரின் அடையாளம். படைத்தவர் யார் என்ற கேள்விக்கு அது தரும் விடை அரைகுறையானது.

முத்திரையைக் கட்டாயமாக்கியவை பாரிஸ் தச்சர் சங்கத்தின் விதிகள். 1743இல் வகுக்கப்பட்டு 1751இல் நடைமுறைக்கு வந்த அவற்றின் நோக்கம், தரக்குறைவான சரக்கையும் சங்கத்துக்கு வெளியே நடந்த தொழிலையும் தடுப்பதே. பழுதுபார்த்தவரும் விற்றவரும்கூடத் தம் முத்திரையைப் பதித்ததுண்டு. மறுபுறம், அரசரின் பாதுகாப்பில் இருந்தோர் சங்கத்துக்குக் கட்டுப்படவில்லை. 1672 முதல் லூவ்ர் அரண்மனையில் பட்டறை வைத்திருந்த ஆந்த்ரே ஷார்ல் பூல் முத்திரை பதித்ததே இல்லை. ஷான் பிரான்சுவா ஓபென் 1763இல் இறந்தபின் அவர் பட்டறையை நடத்திய ரீசெனெர், 1768இல் தாமே ஆசான் ஆகும்வரை ஓபெனின் முத்திரையையே பயன்படுத்தினார். இறந்தவரின் பெயர் உயிரோடிருந்தவரின் வேலைமீது பதிந்தது.

முத்திரை படைப்பாளியின் கையொப்பம் ஆகாது என்பதைத் தொழிற்பிரிவினையும் உறுதிசெய்கிறது. மரவேலை ஒரு சங்கத்துக்கு, வெண்கல வார்ப்பு இன்னொன்றுக்கு, பொன்முலாம் மற்றொன்றுக்கு உரியதாக இருந்தது. எல்லை மீறித் தம் பட்டறையிலேயே வெண்கலம் வார்த்த ஷார்ல் க்ரெசான் வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. பதினைந்தாம் லூயிக்காக 1760இல் ஓபென் தொடங்கிய மேசையை 1769இல் முடித்தவர் ரீசெனெர். வெண்கல உருவங்களுக்கு மாதிரி வகுத்தவர் துயுப்ளெஸ்ஸி. அவற்றை வார்த்தவர் எர்வியே. ஆயினும் மரத்தகடுகளில் இழைத்து எழுதப்பட்டிருப்பது ரீசெனெரின் பெயர் மட்டுமே.

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழலாம். பி.வி.ஆர்.பி. என்ற முதலெழுத்துகளுக்கு உரியவர் பெர்னார் வான் ரிசன்பர்க் என்பது 1957இல்தான் தெரியவந்தது. அதற்கு முன்பே அந்த முத்திரை தாங்கிய பொருள்களை ஒரே கையின் வேலையாக அறிஞர்கள் இனங்கண்டிருந்தனர். முத்திரை பயனற்றதென்றால் இது எப்படி இயன்றது? முத்திரை தேடலைத் தொடங்கிவைத்தது உண்மை. எனினும் ஒற்றுமையை நிறுவியவை வளைவுகளும் வெண்கல அலங்காரமும். அந்த ஒற்றுமையிலும் வணிகரின் பங்குண்டு. அரசி மாரி லெஷின்ஸ்காவுக்காக 1737இல் தரப்பட்ட இழுப்பறைப் பெட்டியில் பி.வி.ஆர்.பி. முத்திரை இருக்கிறது, அதை அரண்மனைக்கு வழங்கியவர் ஏபேர் என்னும் வணிகர், முகப்பை அணிசெய்யும் அரக்குப் பலகைகள் ஜப்பானியக் கைவினைஞர்களுடையவை. அவர்களின் பெயர் எங்குமில்லை. ஆகவே அருங்காட்சியகப் பட்டியல்கள் மரம், தகடு, வெண்கலம், அரக்கு, வணிகர் எனத் தனித்தனியே பொறுப்பைக் குறிப்பதே நேர்மை. அப்போது ரீசெனெரின் மேதைமை குறைந்துவிடாது. அதைத் தாங்கிநின்ற கைகளும் நம் கண்ணுக்குத் தெரியவரும்.