இரத்த வகை சேராத கல்லீரல்: பெரியவர்களுக்கு எப்போது பலன் தரும்?

கோரிப்பாளையத்தில் அரசு இராசாசி மருத்துவமனை இருப்பதால், நோயாளியுடன் வரும் குடும்பத்தார் தொழுகை முடிந்ததும் நம்மிடம் துஆச் செய்யக் கேட்பார்கள். கல்லீரல் செயலிழந்தோர் விஷயத்தில் நாம் கேட்கும் பேச்சு இது: "மகன் கொடுக்கத் தயார், குரூப் சேரவில்லை." அத்தோடு முயற்சியை விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

சேர்வது என்றால் ஒரே வகை என்று பொருளல்ல. ஓ வகையினர் யாருக்கும் கொடுக்கலாம், ஏபி வகையினர் யாரிடமும் பெறலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு கல்லீரலுக்குத் தடையல்ல. ஓ வகை அத்தாவுக்கு ஏ வகை மகனின் கல்லீரலை வைப்பதுதான் உண்மையில் சேராத நிலை. அத்தாவின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, புதிய கல்லீரலின் இரத்தக் குழாய்களையும் பித்தநாளங்களையும் தாக்கும். கைக்குழந்தைகளிடம் இது குறைவு, பெரியவர்களிடம்தான் சிக்கல்.

இறந்தோரின் உறுப்புதானம் அரிதான ஜப்பானில், உறவினர் கல்லீரலையே நம்ப வேண்டியிருந்ததால், இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். 1991 முதல் 2011 வரை இவ்வாறு சிகிச்சை பெற்ற 381 பெரியவர்களைப் பற்றிய ஆய்வு 2014-இல் வெளியானது. ரிட்டுக்ஸிமாப் மருந்து பெறாதவர்களில் 100-க்கு 23 பேருக்கு ஆன்டிபாடி தாக்குதல் வந்தது. பெற்றவர்களில் 6 பேருக்கே வந்தது. மருந்தைக் கூட்டிக் கொடுத்தபோது நோய்த்தொற்றுதான் கூடியது.

இம்மருந்தைப் பொதுவாக அறுவைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே செலுத்த வேண்டும். தேவைப்பட்டால் பிளாஸ்மாவை மாற்றி ஆன்டிபாடி அளவைக் குறைப்பார்கள். ஆகவே அவகாசமே பெரிய காரணி. கீழாநெல்லி, மந்திரித்த தண்ணீர் என்று மாதங்களைக் கழித்துவிட்டு, சிறுநீரகமும் கெட்டு, கிருமித்தொற்றோடு வருபவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அறுவை நல்லபடி முடிந்தாலும், சில மாதங்களுக்குப் பின் பித்தநாளம் சுருங்கக்கூடும். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

மார்க்கம் அனுமதிக்கிறதா என்பார்கள். 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளோடு உறுப்புதானத்தை அனுமதித்தது. எடுத்தால் உயிர் போகும் உறுப்பை எடுப்பதையும், உறுப்பை விற்பதையும் தடுத்தது. கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்தால் மீதி வளர்ந்துவிடும். ஆனாலும் கொடுப்பவருக்கு ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மனைவியையோ மருமகளையோ உறவினர் கூடிப் பேசிப் பணிய வைப்பது சம்மதமாகாது என்பதே நம் கருத்து.

இன்னொரு வழியும் உண்டு. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் வந்த திருத்தப்படி, இதே சிக்கலிலுள்ள இரு குடும்பங்களின் நெருங்கிய உறவினர்கள் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம். எனவே மருத்துவரிடம் கேளுங்கள்: ஆன்டிபாடி அளவு என்ன, தயார் செய்ய எத்தனை வாரம், மாற்றிக்கொள்ள வேறு குடும்பம் உண்டா, வகை சேராத அறுவை இங்கே எத்தனை பேருக்கு நடந்தது, ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள்?