எண்ணூர்க் கழிமுகமும் நிலக்கரிச் சாம்பலும்

சென்னைப் பட்டணத்துக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்ப் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் 1970-ஆம் ஆண்டில் அங்கே இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் அவ்விடத்தில் யாருக்கும் பிரயோஜனமில்லாத சதுப்பும் உவர்மண்ணுமே கிடந்தன என்ற எண்ணம், அவர்கள் கருதாமலே, அந்த எழுத்தில் புகுந்துவிடுகிறது. பின்னால் அங்கே நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் அந்த எண்ணமே மூலகாரணம் என்பது என் துணிபு.

உண்மையில் அந்த இடம் ஒருபோதும் வீணாகக் கிடந்ததில்லை. 1806-இல் பேஸில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்ததும், பிற்காலத்தில் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்றதுமான கால்வாயின் வழியாகத்தான் பட்டணத்தின் அடுப்புகளுக்குச் சவுக்கு விறகும் சமையலுக்கு உப்பும் தோணிகளில் போய்ச் சேர்ந்தன. கழிமுகமோ அதைவிடச் செழிப்பானது. மடவையும் கொடுவாவும் நண்டும் இறாலும் நிறைந்த அந்த நீர்ப்பரப்பில், இன்ன நாளில் இன்ன குப்பத்தார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வகுத்த ‘பாடு’ என்னும் ஏற்பாடு, பழவேற்காட்டில் வழங்குவதைப் போலவே, இங்கும் தலைமுறை தலைமுறையாக நின்று வந்தது. வலையோ படகோ இல்லாத இருளர் பெண்களுக்கும் அந்த ஆறு சோறு போட்டது. ஓலைப் பறியின் வாயைப் பற்களால் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் குனிந்து நகர்ந்தபடி, சேற்றுக்குள் புதைந்திருக்கும் இறாலை இரு கைகளாலும் துழாவிப் பிடித்து, தலை நிமிராமலே பறிக்குள் போடும் அவர்களுடைய லாகவம் நீண்ட கால அப்பியாசத்தால் மட்டுமே கைவருவது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பெற்று நன்னீரின் வரவு குறைந்த பிறகும், கடலின் ஏற்றவற்றம் தடையின்றி வந்து போனதால் அந்த ஜீவனம் குலையவில்லை.

மின்சாரத்தின் தேவையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்கள் மழையை நம்பி இயங்கியவை. வானம் பொய்த்த வருஷங்களில் ஆலைகளும் கிணற்று மோட்டார்களும் நின்றுபோன ஒரு ராஜ்யத்தில், நிலக்கரியை எரித்தாவது நிலையான மின்சக்தி பெறவேண்டும் என்று மின்வாரியத்தார் கருதியது இயற்கையே. ரயில் பாதையும் துறைமுகமும் நகரமும் நீரும் ஒருங்கே அருகிலிருந்த எண்ணூரில், 1970-க்கும் 1975-க்கும் இடையில் ஐந்து அலகுகள் எழுந்தன. அவற்றின் மொத்தத் திறன் 450 மெகாவாட்.

அந்த நிலையம் உண்ட கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு வரை சாம்பலாகவே மிஞ்சுவது நம் நாட்டு நிலக்கரியின் இயல்பு. மாவைப் போல் பொடித்துக் கொதிகலனுக்குள் ஊதப்படும் கரி எரிந்ததும், கனத்த சாம்பல் அடியில் விழுகிறது. நுண்ணிய சாம்பல் புகையோடு மேலேறிச் செல்ல, அதில் பெரும்பகுதியை மின்விசையால் இழுத்துப் பிடிக்கிறார்கள். தப்பியது புகைபோக்கி வழியே ஊர்மேல் இறங்குகிறது. பிடித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய்களின் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுவது வழக்கம்.

1994-இல் அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் தோன்றி, முதலில் 630 மெகாவாட்டும் 2014-க்குள் மேலும் 1,200 மெகாவாட்டுமாக வளர்ந்து, அருகே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் ஒன்றும் சேர்ந்தபோது, சாம்பலின் அளவு அந்தச் சிறிய பிரதேசம் தாங்கக்கூடிய எல்லையைக் கடந்துவிட்டது. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குழாய்கள் துருப்பிடித்து வெடித்த இடங்களிலெல்லாம் அந்தக் குழம்பு ஆற்றிலும் கால்வாயிலும் கொட்டிற்று. ஈரம் உலர்ந்தால் இறுகிப்போகும் அந்தப் படிவு ஆற்றின் ஆழத்தைத் தூர்த்தது. நீர் வற்றும் வேளையில் படகுகள் தரைதட்டின. இறால் புதைவதற்கு மிருதுவான சேறு இல்லாமற்போனதால், துழாவிய பெண்களின் கைகளில் சாம்பலே அகப்பட்டது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்தில் காற்றுக்காலம் வந்துவிட்டால், மூடிவைத்த தண்ணீர்க் குடத்தின்மேலும் உண்ணும் சோற்றின்மேலும் அந்தப் பொடியே படிகிறது.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்றுண்டு. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசியால் அவதிப்பட்ட நகரவாசிகளின் முறையீட்டைச் செவிமடுத்த உயர் நீதிமன்றம் ஆணையிட்டதன் பேரில், 2011-இல் அந்த வேலை அங்கே நின்றது. அது நீதியே. ஆனால் அந்தக் கரி மறைந்து போய்விடவில்லை. நிலக்கரி இறக்குவதையே முதல் நோக்கமாகக் கொண்டு 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகத்துக்கே அதுவும் வந்து சேர்ந்தது. நகரத்தாருக்குக் கிடைத்த நிவாரணத்தின் சுமையைக் குப்பத்தார் ஏற்றார்கள். அவர்களை யாரும் கலந்து ஆலோசித்ததாகத் தெரியவில்லை. விளக்கு எரிவதும் ஆலை ஓடுவதும் தூரத்திலுள்ள ஊர்களில், எரித்ததன் மிச்சம் முழுவதும் ஓர் ஆற்றின் மடியில் என்ற பங்கீட்டை எந்தத் தர்மத்தின்படி ஏற்பது?

பழைய நிலையம் 2017 மார்ச் 31-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சாம்பல் ஆற்றைக் கெடுத்த விஷயம் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் விசாரிக்கப்பெற்று, 2022-இல் தீர்ப்பும் வந்தது. எனினும் 2024 மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் அலகு ஒன்று தொடங்கிவைக்கப்பட்டது. மூடிய நிலையத்தின் வளாகத்துக்கும் 660 மெகாவாட்டில் ஓர் அலகு திட்டமிடப்பட்டிருக்கிறது. படிந்த சாம்பலை அகற்றி, குழாய்களைப் புதுப்பித்து, ஆற்றின் ஆழத்தை மீட்டு, ‘பாடு’ உரிமையை இழந்தோருக்கும் பறியேந்திய பெண்களுக்கும் உரிய நஷ்டஈட்டைக் கொடுத்து முடிக்கும் வரையில், அந்தக் கழிமுகத்தின் கரையில் இன்னொரு கொதிகலனை ஏற்றுவதற்கு அரசாங்கத்துக்கு உரிமை இல்லை.